விகாரம் மூன்று

நன்னூல் படித்த மாணாக்கர் யாவரும் விகாரம் என்னுஞ் சொல்லை அறிவர். இரு சொற்கள் புணருமிடத்து இல்லாத ஓரெழுத்து வந்து நிற்பது தோன்றல். ஓரெழுத்து மற்றோரெழுத்தாக மாறுவது திரிதல். இருந்த எழுத்து இல்லாது போவது கெடுதல். பூவும் கொடியும் புணர்ந்து பூங்கொடி ஆகின்றது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆகின்றது. மரமும் வேரும் மரவேர் ஆகின்றது. இம்மூன்றனுள் எதனையும் இலக்கணகாரர் பழித்தாரல்லர். மாறாது நிற்பது இயல்பு, மாறி நிற்பது விகாரம் என்று வகுத்தார்கள், அவ்வளவே.

அச்சொல் தெருவில் இறங்கியபொழுது வேறு பொருள் பெற்றுவிட்டது. விகாரமான முகம் என்றால் இன்று யாவரும் முகஞ் சுளிப்பர். இவ்விரு பொருளும் நிலவுகையில், நமது பாடசாலை உயிரியல் நூல்கள் பரம்பரையலகில் நேரும் மாற்றத்துக்கும் விகாரம் என்றே பெயரிட்டன. இலக்கணப் பொருள் நோக்கினால் அது மிகப் பொருத்தமான பெயர். கேட்பவர் செவியில் விழுவதோ தெருவின் பொருள்.

என்னிடந் தமிழ் கற்று, இன்று வைத்தியராயிருக்கும் ஒருவர் சென்ற ஆண்டில் என்னிடம் வந்து, "ஐயா, இதற்கு வேறொரு சொல் தரமுடியுமா?" என்று வினாவினார். தாயையும் தாயின் தமக்கையையும் மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஓர் இளம்பெண்ணுக்கு, அவளது இரத்தப் பரிசோதனையின் முடிவை அவர் தமிழிலே சொல்ல நேர்ந்தது. "உங்கள் பரம்பரையலகொன்றில் விகாரம் இருக்கிறது" என்றிருக்கிறார். அப்பெண் நோயைப்பற்றி ஒன்றுங் கேட்கவில்லை. "இதை வெளியிலே ஒருவருக்கும் சொல்லிப்போடாதேயுங்கோ, டொக்டர். எனக்குக் கீழே ஒரு தங்கச்சி இருக்கிறாள்" என்று மாத்திரஞ் சொன்னாளாம்.

சொல்லொன்றைத் தேடப் புகுந்த யான், அச்சொல்லுக்குரிய பொருளையே முழுவதும் ஆராய வேண்டியவனானேன். அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன்.

முதலில் ஒன்று தெளிதல் நன்று. மார்பகப் புற்றுநோய் உற்ற பெண்கள் நூற்றுவரை எடுத்துக்கொண்டால், அவருள் ஐவர் முதற் பதின்மர் வரையிலானோர்க்கே அது பெற்றோர்வழி வந்த விகாரத்தால் விளைந்ததாகும். ஏனையோர்க்கு வயது முதிர முதிரக் கலங்களிலே தாமாகச் சேரும் மாற்றங்கள் முதலிய பிற காரணங்கள் உள. ஆதலின் குடும்பத்தில் ஒருவர்க்கு இந்நோய் வந்தவுடன் இது குலநோய் என்று அஞ்சுதல் வேண்டா. ஆயின் அந்தச் சிறுதொகையினர்க்கு நோய் இளவயதிலேயே வருகின்றது. தாய், மகள், சகோதரி என்று தொடர்கின்றது.

இத்தொடர்ச்சியை முன்னரே கண்டவர் உளர். மூளையிலே பேச்சுக்குரிய இடத்தைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற பிரான்சு தேசத்து வைத்தியர் போல் புரோக்கா என்பவர், தம் மனைவியின் குடும்பத்திலே தலைமுறை தலைமுறையாக வந்த மார்பகப் புற்றுநோயை வமிசாவளியாக வரைந்து 1866 ஆம் ஆண்டில் வெளியிட்டார். எனினும் அறிஞர் பலர் ஐயுற்றனர். ஒரு குடும்பத்தார் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். ஒரே உணவை உண்கின்றனர். ஒரு வீட்டிற் பலர்க்குச் சளி பிடித்தால் அது குலநோய் ஆகுமோ? பலர்க்கும் வரும் நோய் ஒரு குடும்பத்திலே தற்செயலாகவும் மிகுந்து காணப்படலாமன்றோ?

இவ்வையத்தைத் தீர்க்க முனைந்தவர் அமெரிக்கப் பெண்மணியாகிய மேரி கிளயர் கிங். 1946 இற் பிறந்தவர்; கணிதங் கற்றுப் பின் பரம்பரையியலுக்கு வந்தவர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலே 1970 களின் நடுப்பகுதியில் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். புற்றுநோய் போன்ற சிக்கலான நோயை ஒரு தனிப் பரம்பரையலகின்மேல் ஏற்றுவதைப் பலர் அக்காலத்தில் ஏற்றிலர்.

அவர் கையாண்ட முறை எளிதில் விளங்கத்தக்கது. நமது நிறமூர்த்தங்களில் ஆளுக்காள் வேறுபடும் அடையாளங்கள் ஆங்காங்கே உள. ஒரு குடும்பத்தில் நோயுற்ற பெண்களிடம் ஓரடையாளம் தொடர்ந்து காணப்பட்டு, நோயுறாதோரிடம் பெரும்பாலும் காணப்படாதிருப்பின், நோய்க்குரிய பரம்பரையலகு அவ்வடையாளத்தின் அயலிலே குடியிருத்தல் வேண்டும். கிங்கும் அவருடன் உழைத்தோரும் 23 குடும்பங்களை ஆராய்ந்தனர். அக்குடும்பங்களில் 146 பேர் நோயுற்றிருந்தனர். அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளி வந்தவர்கள் 183 ஆவதிலே ஒரு பொருத்தத்தைக் கண்டனர். அப்பொருத்தமும் எல்லாக் குடும்பங்களிலும் இல்லை. நோய் கண்ட வயதின்படி குடும்பங்களை வரிசைப்படுத்தியபோதே உண்மை துலங்கியது. இளவயதில் நோய் கண்ட குடும்பங்களில் அது தெளிவாக இருந்தது. முதுவயதில் நோய் கண்ட குடும்பங்களில் இல்லை. 17 ஆவது நிறமூர்த்தத்திலே அந்த இடம் இருப்பதாக 1990 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். மார்பகப் புற்றுநோயின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அப்பரம்பரையலகுக்குப் பீ.ஆர்.சீ.ஏ. 1 என்று பெயர் வைக்கப்பட்டது.

இடந் தெரிந்தபின் அவ்விடத்துள் எழுத்தைத் தேடும் போட்டி எழுந்தது. 1994 இலே மார்க் ஸ்கோல்னிக் என்பவரின் தலைமையில் யூற்றா மாநிலத்து ஆய்வாளர் அப்பரம்பரையலகை முழுமையாக எடுத்துக் காட்டினர். மறு ஆண்டில், இங்கிலாந்திலே மைக்கேல் ஸ்ராற்றன் என்பவரின் குழுவினர் 13 ஆவது நிறமூர்த்தத்தில் உள்ள பீ.ஆர்.சீ.ஏ. 2 என்பதை வெளிப்படுத்தினர்.

இனி, இலக்கணங் கற்றோர்க்கு வியப்பூட்டும் இடத்துக்கு வருகின்றேன். பரம்பரையலகு டீ.என்.ஏ. என்னும் நெடிய இழையில் எழுதப்பட்டதொரு வாசகம். அதற்கு நான்கே எழுத்துக்கள். கலம் அவற்றை மும்மூன்றாகப் பிரித்து வாசிக்கும். ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோவமிலத்தைக் குறிக்கும். பீ.ஆர்.சீ.ஏ. 1 இன் வாசகத்தைக் கொண்டு கட்டப்படும் புரதத்தில் 1,863 அமினோவமிலங்கள் உள. இவ்வாசகத்தில் நேரும் விகாரங்களை ஆராய்ந்தோர் பகுத்த முதன்மையான வகைகள் எவை? எழுத்து மிகுதல், எழுத்து மாறுதல், எழுத்துக் குறைதல். நம் முன்னோர் தோன்றல், திரிதல், கெடுதல் என்றவை இவையே.

மூன்றுக்கும் உதாரணம் உண்டு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பரவிய அஷ்கனாசி யூத மக்களிடையே, பீ.ஆர்.சீ.ஏ. 1 இன் தொடக்கத்தில் இரண்டெழுத்துக் கெட்ட விகாரமொன்று வழங்குகின்றது. அதே பரம்பரையலகின் இறுதிப் பகுதியில் ஓரெழுத்துத் தோன்றிய விகாரமும், பீ.ஆர்.சீ.ஏ. 2 இல் ஓரெழுத்துக் கெட்ட விகாரமும் அவரிடையே உள. இம்மூன்றனுள் ஒன்றையுடையோர் அம்மக்களுள் ஏறத்தாழ நாற்பதின்மருக்கு ஒருவர். ஐஸ்லாந்துத் தீவிலே பீ.ஆர்.சீ.ஏ. 2 இல் ஐந்தெழுத்துக் கெட்ட விகாரமொன்று பல குடும்பங்களிற் பரவியுள்ளது. போலந்து முதலிய நாடுகளிற் காணப்படும் ஒரு விகாரத்தில் எழுத்தொன்று வேறோர் எழுத்தாகத் திரிந்து, புரதத்தின் 61 ஆவது அமினோவமிலத்தை மாற்றிவிடுகின்றது.

ஏடுகளை ஒப்புநோக்கிப் பழகியோர் ஓர் உண்மையை அறிவர். பல ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே வழு இருப்பின், அவையனைத்தும் ஒரு தாயேட்டைப் பார்த்து எழுதப்பட்டவை. அவ்வாறே ஒரு சமூகத்திற் பலரிடம் ஒரே விகாரம் இருப்பின், அது பன்னூறாண்டுகளின்முன் வாழ்ந்த ஒரு மூதாதையிடமிருந்து வந்தது என்று ஆய்வாளர் துணிகின்றனர்.

ஓரெழுத்துக் கெட்டால் இத்துணைத் தீங்கு வருமோ என்று கேட்கலாம். மும்மூன்றாக வாசிக்கும் வாசகத்தில் ஓரெழுத்து விழுந்தால் அதன்பின் வரும் பிரிப்பெல்லாம் பிழைத்துப் போகும். வெண்பாவின் முதலடியில் ஓரசை விழுந்தபின் சீரும் தளையும் சிதைவது போலாம். சிறிது தூரம் சென்றதும் நிறுத்துக என்னுங் குறி தவறான இடத்தில் எதிர்ப்படப் புரதம் குறையாகவே நின்றுவிடும்.

அப்புரதங்களின் தொழில் யாது? ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் பழைய நூல்களைப் பரிசோதித்துப் பதிப்பித்த வரலாற்றை நினைவுகூர்க. ஓரேட்டிற் சிதைந்த பகுதியை மற்றோரேட்டோடு ஒப்புநோக்கித் திருத்தினார்கள். கலம் பிரிவதன்முன் தனது டீ.என்.ஏ. முழுவதையும் இரட்டித்து வைத்துக்கொள்கின்றது. ஒன்றிலே இழை இரண்டும் அறுந்துவிட்டால், மற்றைப் பிரதியை அருகே வைத்துப் பார்த்து அறுந்த இடத்தை எழுத்துக்கு எழுத்துச் செப்பனிடுகின்றது. அப்பணிக்கு இவ்விரு புரதங்களும் இன்றியமையாதன. இவை கலத்தின் பரிசோதகர் எனலாம். ஏனைய இடங்களில் வழு நேர்ந்தால் திருத்துவதற்கு இவை உள. இவற்றிலேயே வழு நேர்ந்தால் திருத்துவார் யார்? பிழைமேற் பிழை சேர்ந்து, கலம் கட்டின்றிப் பெருகத் தொடங்குகின்றது. அதுவே புற்று.

ஆயினும் இயற்கை ஒவ்வொரு பரம்பரையலகையும் இரண்டாகத் தந்திருக்கின்றது: ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. ஒன்று பழுதாய்ப் பிறந்தவளுக்கும் மற்றது வேலை செய்துகொண்டேயிருக்கும். வாழ்நாளில் எங்கோ ஒரு கலத்தில் அந்த மற்றதும் பழுதுற்றாற்றான் ஆபத்து. எனவே பிறப்பில் வந்தது நோயன்று, நோய்க்குரிய வாய்ப்பு.

அவ்வாய்ப்புச் சிறிதன்று. இவ்விகாரங்களையுடைய ஏறத்தாழ 10,000 பெண்களைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2017 இல் வெளியாயிற்று. அதன்படி 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் உறுவோர், பீ.ஆர்.சீ.ஏ. 1 இல் விகாரமுடையோருள் நூற்றுக்கு 72 பேர், பீ.ஆர்.சீ.ஏ. 2 இல் விகாரமுடையோருள் நூற்றுக்கு 69 பேர். சூலகப் புற்றுநோய் உறுவோர் முறையே நூற்றுக்கு 44 பேரும் 17 பேருமாவர். அமெரிக்காவிற் பொதுவாகப் பெண்களுள் எண்மருக்கு ஒருவரே வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் உறுகின்றனர் என்பதனோடு இதனை ஒப்பிட்டுக் காண்க.

இனி, இவ்விகாரம் இறங்கும் வழியை நோக்குவோம். உடையவர் தாயாயினும் தந்தையாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்புச் சரிபாதி. பெண்களின் நோய் பெண்வழியே வரும் என்று எண்ணுவது உலக வழக்கு. அதனால் தாயைக் கேட்போம், தாயின் தாயைக் கேட்போம். தந்தையின் சகோதரிகள் எதனால் இறந்தனர் என்று கேட்பதில்லை. தந்தையோ பெரும்பாலும் நோயின்றியே வாழ்ந்து, அதனை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகின்றார். ஆடவர்க்கும் மார்பகப் புற்றுநோய் சிறுபான்மை வருவதுண்டு, பீ.ஆர்.சீ.ஏ. 2 இன் விகாரம் அதனையும் மிகுவிக்கும்.

இதனை நிறுவியதோர் ஆய்வு இஸ்ரவேலிலே நடந்தது; 2014 இல் வெளியாயிற்று. கிங் அம்மையாரும் அதிற் பங்குகொண்டார். நோயற்ற அஷ்கனாசி ஆடவர் 8,195 பேரைப் பரிசோதித்ததில் 175 பேரிடம் விகாரம் இருந்தது. பின்னர் அவர்கள் குடும்பத்துப் பெண்களை ஆராய்ந்தனர். அக்குடும்பங்களுட் பாதியில், வைத்தியர் கருத்தை ஈர்க்கத்தக்க நோய் வரலாறு ஒன்றுமே இருக்கவில்லை. குடும்பஞ் சிறிது, வந்த வழி ஆண்வழி, ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆயின் விகாரமுடைய அப்பெண்களுக்கு இருந்த ஆபத்தோ பெரிதே.

சரிபாதி என்னுங் கணக்கைப் படித்தபொழுது, தங்கைக்காக மறைத்த அந்தப் பெண்ணை எண்ணினேன். தங்கையின் கலியாணத்துக்கு இடையூறாகும் என்று அவள் வாய் மூடுகின்றாள். அதே விகாரம் தங்கையிடமும் இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உலகத்தார் எல்லாரினும் முதலில் அறியவேண்டியவள் அந்தத் தங்கையே.

அறிந்து யாது பயன், விதியை வெல்லலாமோ என்பாரும் உளர். அவர்க்கும் விடையுண்டு. 2003 இல் நியூ யோர்க் நகரத்துக் குடும்பங்களைக் கொண்டு கிங் அம்மையாரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்விலே, விகாரமுடைய பெண்களை இரு கூறாக்கிப் பார்த்தனர். 1940 இன்முன் பிறந்தோருள் 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் உற்றோர் நூற்றுக்கு 24 பேர். அதன்பின் பிறந்தோருள் நூற்றுக்கு 67 பேர். எழுத்து ஒன்றே, காலம் மாற விளைவு மாறியது. இளம்பருவத்தில் உடற்பயிற்சி செய்தோர்க்கும் உடல் பருமனாகாதோர்க்கும் நோய் பிந்தியே வந்தது. ஆகவே எழுதப்பட்டதே முழுவதும் நடக்கும் என்பதற்கில்லை.

செய்யத்தக்கனவும் பல. விகாரமுடைய பெண்ணுக்கு 25 வயது முதலே ஆண்டுதோறும் காந்தப் படப்பிடிப்பால் மார்பைப் பரிசோதித்து, நோய் வரின் முளையிலேயே கண்டு அகற்றலாம். மகப்பேறு முடிந்தபின் சூலகங்களையும் சூலகக் குழாய்களையும் அகற்றிவிடலாம். மார்பகங்களை முற்கூட்டியே அகற்றுவோரும் உளர். அவ்வாறு செய்வதால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து நூற்றுக்கு 90 பங்களவிற் குறைகின்றது. தாயைச் சூலகப் புற்றுநோயால் இழந்த அமெரிக்க நடிகை அஞ்சலீனா ஜோலி, பீ.ஆர்.சீ.ஏ. 1 இன் விகாரம் தமக்கு உண்டென அறிந்து இச்சிகிச்சை பெற்றதை 2013 இல் தாமே பத்திரிகையில் எழுதினார். அழகே தொழிலாகக் கொண்ட ஒருவர் இதனை மறையாது சொன்னதன்பின், பல நாடுகளிலும் பரிசோதனையை நாடியோர் தொகை பெருகிற்று. நோய் வந்தபின்னும் வழியுண்டு. பரிசோதகரை இழந்த கலங்கள் வேறொரு திருத்தும் வழியைப் பற்றிக்கொண்டே பிழைக்கின்றன. அவ்வழியையும் அடைத்து அக்கலங்களை அழிக்கும் ஒலாபரிப் போன்ற மருந்துகள் 2014 முதல் வழங்கி வருகின்றன.

இவ்வாசகம் யாருக்குச் சொந்தம் என்றொரு வழக்கும் எழுந்தது. ஸ்கோல்னிக் முதலியோர் நிறுவிய மிரியட் ஜெனற்றிக்ஸ் என்னுங் கம்பனி இரு பரம்பரையலகுகளின் மீதும் காப்புரிமை பெற்றிருந்தது. அதனால் அமெரிக்காவிலே பரிசோதனைக்கு 3,000 டொலருக்கு மேலும் கட்டணம் இருந்தது. 2013 ஆம் ஆண்டு யூன் மாதம் 13 ஆந் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்து நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமுகமாக, இயற்கையில் அமைந்த டீ.என்.ஏ. எவருடைய ஆக்கமும் அன்று, அதற்குக் காப்புரிமை இல்லை எனத் தீர்த்தனர். ஏட்டைக் கண்டெடுத்தவர் நன்றிக்குரியவர், நூலாசிரியர் ஆகார். தமிழ்ப் பதிப்புலகம் நன்கறிந்த நீதியிது.

எல்லா மாற்றமும் தீயதன்று என்பதையும் சொல்லுதல் வேண்டும். ஏடுகளில் வழுவும் உண்டு, பாடபேதமும் உண்டு. பொருளைக் கெடுப்பது வழு. கெடுக்குமோ கெடாதோ என்று துணியமுடியாதவற்றைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் வைப்போம். பரிசோதனை முடிவுகளிலும் இவ்வாறு பொருள் துணியப்படாத மாற்றங்கள் வருகின்றன. அவற்றைக்கொண்டு சத்திரசிகிச்சைக்கு விரைதல் ஆகாது. இத்தகைய ஐயப்பாடு ஐரோப்பியரிலும் ஆசிய மக்களுக்கே மிகுதியாக வருகின்றது. காரணம், நம்மவரின் ஏடுகள் இன்னும் போதிய அளவு ஒப்புநோக்கப்படாமையே. இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் பெறுகின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்தார் 2008 இல் இந்நாட்டு நோயாளரின் பீ.ஆர்.சீ.ஏ. 1 ஐ ஆராய்ந்து, முன்னர் எங்கும் பதிவாகாத மாற்றங்களை வெளியிட்டனர். இத்தகைய பணி பெருகுதல் வேண்டும்.

வைத்தியருக்கு யான் கூறிய விடை இதுவே: சொல்லை மாற்றவேண்டா. நாற்றம் என்பது ஒருகாலத்தில் நறுமணத்தையுங் குறித்தது, இன்று என்னவாயிற்று? இன்றொரு புதுச்சொல் ஆக்கித் தந்தால், நாளை அதன்மேலும் அதே அழுக்குப் படியும். அழுக்குச் சொல்லிலே இல்லை. குலத்திற் குறையுண்டோ என்று துருவும் நம் கேள்வியிலே இருக்கின்றது. பரம்பரையலகைக் காரணங் காட்டி ஒருவருக்கு வேலையோ மருத்துவக் காப்புறுதியோ மறுத்தலாகாது என்று அமெரிக்கர் 2008 இற் சட்டஞ் செய்தனர். கலியாணத் தரகரின் வாயை அடக்க எந்த நாட்டிலுஞ் சட்டமில்லை. அதனைச் செய்யவேண்டியவர் ஆண்மக்களைப் பெற்ற தாய்தந்தையர். தம் மகனிடமும் இவ்விகாரம் ஒளிந்திருக்கலாம் என்பதை அவர்கள் அறிவாராயின், மருமகளாக வருபவளின் குலத்தைத் துருவ நாணுவர்.

நம் வீடுகளிலே சாதகக் குறிப்புக்களைப் பெட்டகத்திற் பேணுகின்றோம். அவற்றோடு இன்னொரு தாளையும் வைத்தல் நன்று. தாய்வழியிலும் தந்தைவழியிலும் யார் யார்க்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது என்பதை முதியோர் உயிரோடிருக்கும்பொழுதே கேட்டு எழுதி வைப்போம். மார்பகம், சூலகம் என்னுஞ் சொற்களைக் கூசாது எழுதுவோம். இளவயதிற் பலர்க்கு நோய் வந்திருப்பின் அத்தாளை வைத்தியரிடங் காட்டுவோம். கிரகநிலை பார்த்து நாள் குறிக்கும் நாம், இந்தத் தாளைப் பார்த்து ஒரு பெண்ணின் உயிரைக் காக்கலாம்.